கணிப்பில் இல்லாத ஒலி

விமான எஞ்சின் எவ்வளவு சத்தம் போடும் என்று, அந்த எஞ்சின் செய்யப்படும் முன்பே கணித்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. பணிக்காலம் முழுக்கச் சத்தத்தோடுதான் குடித்தனம். ஆனாலும் பெருஞ்சத்தம் கேட்டு நான் பயந்ததாக நினைவில்லை. உயிரே உறைந்துபோன ஒரு நாள் உண்டு. அன்று என்னைப் பயமுறுத்திய ஒலி, கணினித் திரையில் ஒரு விரல்நகத்தின் உயரம்கூட இல்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். சமன்பாடுகளை என்னைவிட நீங்கள் புதிதாகப் படித்திருக்கிறீர்கள், அதில் என்னால் உங்களோடு போட்டி போட முடியாது. கூலாய் ஊருக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் நடுவில், ஒரு காலை நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இதை உங்கள் வீட்டாரும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாதாரண விமான எஞ்சினில் விசிறி ஒரு பெரிய உறைக்குள் இருக்கும். ஓப்பன் ரோட்டர் எஞ்சினுக்கு அந்த உறை கிடையாது. பிளேடுகள் வெளியே, திறந்த காற்றில் சுழலும். எங்கள் மாதிரியில் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். எரிபொருள் நிறைய மிச்சமாகும். ஆனால் முன்வரிசை கலக்கிவிட்ட காற்றைப் பின்வரிசை வெட்டும்போது ஒரு ஊளை கிளம்பும். அந்த ஊளை எந்தச் சுருதியில், எந்தத் திசையில், எத்தனை உரக்கக் கேட்கும் என்பதுதான் எங்கள் கணிப்பு.

பக்கவாட்டில், பிளேடுகள் சுழலும் தளத்துக்கு நேராக நின்றால்தான் சத்தம் அதிகம் கேட்கும். உறை இல்லாததால், பிளேடு ஒன்று கழன்றால் அது பறந்து வருவதும் அதே திசையில்தான். நன்றாகக் கேட்கும் இடமும் சாகக்கூடிய இடமும் ஒன்றே. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் தெரிந்திருந்ததால் கொஞ்சம் மறந்தும் போயிருந்தது.

சோதனை மேடையைக் கட்டியவர் குமரேசன். மாசாய் ஊர்க்காரர். உயரம் குறைவு, குரல் பெரிது. மேடையின் ஒவ்வொரு திருகையும் தன் கையால் இறுக்கியவர். பிளேடுகளைத் துணியால் துடைக்கும்போது குழந்தைக்கு முகம் கழுவுவதுபோல் துடைப்பார். அவரிடம் மேடையைப் பற்றிக் குறை சொல்வது அவர் சமையலைக் குறை சொல்வதைவிட ஆபத்து. அவருடைய மனைவியின் தம்பி செல்வாவும் அங்கேயே வேலை. திறந்தவெளியில் அரைவட்டமாக நிறுத்தியிருந்த ஒலிவாங்கிகளைப் பார்த்துக்கொள்வது செல்வாவின் பொறுப்பு. எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி புவான் ரொஹானா. புவான் என்றால் மலாயில் அம்மையார். அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதற்குப் பதில் சொல்வதற்குள் நமக்கு வேர்த்துவிடும்.

கணிப்பையும் அளந்ததையும் ஒரே வரைபடத்தில் போட்டு ஒப்பிடுவது தேவாவின் வேலை. எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரன். அன்று அவன் வரவில்லை. அம்மாவைக் குளுவாங் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தான். அவனுடைய இருக்கையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். திட்டம் தொடர்வதா நிற்பதா என்பது அவர்கள் கையில். அவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி. காலையில் வந்ததும், "எண்களைப் பிறகு பார்க்கிறேன், முதலில் என் காதால் கேட்க வேண்டும்" என்றார். எஞ்சின் சுழலும்போது ஒலிவாங்கி வரிசையில் ஆள் நிற்கக்கூடாது என்பது விதி. ஆனால் மெதுவான சுழற்சியில், தூரமாக, காதுக்கவசத்தோடு, செல்வா கூட இருக்க, கொஞ்ச நேரம் நிற்கலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். புவான் ரொஹானாவுக்கு அதில் முழு மனம் இல்லை என்பது அவர் உதட்டைக் கடித்ததில் தெரிந்தது. மறுக்கவும் இல்லை. மத்தியானம் மழை வரும், அதற்குள் முடிக்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அறை என்பது ஒரு பழைய கொண்டெய்னர். மேடைக்கு முன்பக்கம், பிளேடுகளின் தளத்திலிருந்து விலகி இருந்தது. ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே குமரேசன் சுழற்சியைக் கட்டுப்படுத்த, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோட்டர் சுழலத் தொடங்கியது. ஊளை எழுந்தது. சன்னல் வழியே பார்த்தேன். அந்தப் பெண்மணி ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செல்வா அவருக்குப் பக்கத்தில் நின்று எதையோ கைகாட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

திரையில் எங்கள் கணிப்பு சிவப்புக் கோடுகளாக இருந்தது. அளந்த ஒலி நீலமாக அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு சிகரமும் சொன்ன இடத்தில். எனக்கு மனம் குளிர்ந்தது.

"எப்டி இருக்கு?" என்றார் குமரேசன்.

"அச்சு அசலா வருது."

"பின்ன? யாரு மேடை?"

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பெரிய சிகரங்களுக்கு நடுவே, எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், சின்னதாக ஒன்று முளைத்திருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சம இடைவெளியில் மூன்றாவது.

ஒரு வரிசையில் உள்ள பிளேடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால், சில சுருதிகளை அவை தமக்குள்ளேயே அழித்துக்கொள்ளும். அவை வெளியே வராது. வருகிறது என்றால் ஒன்று, அது வேறெங்கிருந்தோ வரும் சத்தம். அல்லது பிளேடுகள் இப்போது ஒன்றுபோல் இல்லை. எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. படிக்கும்போது யாருக்கும் நெஞ்சு படபடத்ததில்லை.

"குமரேசன், இது என்னா?"

எட்டிப் பார்த்தார். "ஜெனரேட்டர் லா அது. பின்னால பம்புக்கு ஓடுதுல்ல."

அது நியாயமான பதில். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தோட்டத்து லாரிகள், பூச்சிகள், தூரத்து நெடுஞ்சாலை எல்லாம் திரையில் வந்து தொலைக்கும் இடம் அது.

"பின்வரிச வேகத்த லேசா மாத்தினா தெரிஞ்சிரும்," என்றேன். எங்கள் மேடையில் இரண்டு வரிசைகளையும் தனித்தனி வேகத்தில் சுழற்றலாம். ஜெனரேட்டர் என்றால் அந்தச் சின்னச் சிகரங்கள் அசையாமல் நிற்கும். பின்வரிசையிலிருந்து வந்தால் அதன் வேகத்தோடு சேர்ந்து நகரும்.

"ஒரு நிமிஷம், மாத்திக் காட்றேன்," என்று குமரேசன் கையை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஏன் பிடித்தேன் என்று பலர் பிறகு கேட்டார்கள். எனக்குச் சிந்தனை என்று ஒன்று ஓடவில்லை. சன்னலில் செல்வாவின் முதுகு தெரிந்தது. அவ்வளவுதான்.

"மொதல்ல ஆளுங்கள நகத்தணும்."

"என்னாங்க நீங்க? இப்பத்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க. ஜெனரேட்டருக்குப் போயி..."

"ஜெனரேட்டரா இருந்தா என்னைத் திட்டிக்குங்க."

வாக்கி டாக்கியை எடுத்து, எல்லோரையும் ஒலிவாங்கி வரிசையிலிருந்து முன்பக்கம் கூட்டி வரும்படி சொன்னேன். புவான் ரொஹானா விருந்தினர்களுக்கு அருகில்தான் நின்றிருந்தார். அவர் குரல் தாழ்ந்து வந்தது. "கெனாப்பா, ஸ்டெல்லா?" ஏன் என்று கேட்கிறார்.

கோளாறு என்று சொல்ல ஆதாரம் இல்லை. கோளாறு இல்லை என்றால், திட்டத்தின் தலையெழுத்தை வைத்திருக்கும் விருந்தினர்களை வெயிலில் ஆடு மாடுபோல் ஓட்டியவள் ஆவேன். என் பக்கத்தில் அந்த மேடையைக் கட்டியவர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். காரணம் ஒன்றைச் சட்டென்று புனைந்து சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"தெரியல, புவான்," என்றேன் மலாயில். "ஆனால் நகர்த்துங்கள். தயவுசெய்து."

பிறகு அவர் கையை உயர்த்தி விருந்தினர்களை அழைப்பது சன்னலில் தெரிந்தது. அந்தப் பெண்மணி புரியாமல் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். செல்வா கடைசியாக வந்தான். நடுவில் நின்று, ஒலிவாங்கி ஒன்றின் காற்றுத் தடுப்பு உறை சரிந்திருந்ததைச் சரிசெய்யத் திரும்பினான்.

"செல்வா! வா இங்க!" வாக்கி டாக்கியில் நான் கத்தியது கொண்டெய்னருக்குள் எதிரொலித்தது. ஓடி வந்தான்.

எல்லோரும் முன்பக்கம் வந்து சேர்ந்ததும் குமரேசன் பின்வரிசையின் வேகத்தைச் சிறிது குறைத்தார்.

சின்னச் சிகரங்கள் நகர்ந்தன.

இரண்டு பேரும் பார்த்தோம். குமரேசனின் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவதை நான் கண்ணால் கண்டேன். அதற்கு முன் அதைக் கதைகளில்தான் படித்திருந்தேன். உடனே நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். ஊளை இறங்கத் தொடங்கியது. பாதி இறங்கியிருக்கும்.

தட் என்று ஒரு சத்தம். ஒரு கதவை யாரோ கோபமாகச் சாத்தியதுபோல. அதைவிடப் பெரிதாக இல்லை. அதன்பின் மேடை முழுவதும் உதறியது, உலோகம் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. ஜெனரேட்டர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

குமரேசன் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டே நின்றார். நான் அவர் விரலை எடுத்துவிட வேண்டியிருந்தது.

வெளியே வந்தோம். புவான் ரொஹானா எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரையும் விரல் நீட்டி எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும். யாரோ "எல்லாரும் இருக்கோம் புவான்" என்ற பிறகும் அவர் விரல் நிற்கவில்லை.

மேடை முற்றிலும் ஓய்ந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு ஒலிவாங்கி வரிசைப் பக்கம் போனோம். செல்வா உறையைச் சரிசெய்யத் திரும்பிய அந்த ஒலிவாங்கியின் தாங்கி, என் நெஞ்சு உயரத்தில் துண்டாகியிருந்தது. வெட்டுவாய் சுத்தமாக இருந்தது. பிளேடு அதற்கும் அப்பால் போய், முதல் வரிசைச் செம்பனை மரத்தின் தண்டில் பாதிக்குமேல் புதைந்திருந்தது. மரத்திலிருந்து சாறு கசிந்துகொண்டிருந்தது.

செல்வா துண்டான தாங்கியைத் தொட்டுப் பார்த்தான். அதன் உயரத்தைத் தன் உடம்போடு அளந்து பார்த்தான். "அலமாக்," என்றான், ஐயோ என்பதுபோல், மிக மெதுவாக. பிறகு புல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. குமரேசன் அவனை எழுப்பித் தோளோடு அணைத்துக்கொண்டார். அவனைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

பிளேடின் அடியில், வெளியே தெரியாத இடத்தில் விரிசல் விட்டிருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். விரிசலால் அது சுழலும்போது மற்றவற்றைவிடச் சிறிது அதிகமாக முறுக்கிக்கொண்டது. பின்வரிசையில் ஒன்று மட்டும் வேறாகிவிட்டது. அதைத்தான் திரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஸ்டெல்லாவுக்குப் பாம்புக் காது என்றார்கள். வீட்டில் மின்விசிறியைப் போட்டால் எனக்கு உடம்பு சில்லிட்டது. அதை நிறுத்திவிட்டு வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அலுவலகத்தில் பாராட்டு, வீட்டில் இப்படி. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

விசாரணைக் கூட்டம் நடந்தது. நீள மேசை. விருந்தினர் தரப்பிலிருந்து இருவர், புவான் ரொஹானா, குமரேசன், நான், தேவா. செல்வா கதவருகில் உட்கார்ந்திருந்தான். விரிசலைப் பற்றிப் பேசினோம், விதியைத் தளர்த்தியதைப் பற்றிப் பேசினோம். அதைப் பற்றிப் பேசும்போது புவான் ரொஹானா, "அனுமதித்தது நான்" என்று தானே முந்திக்கொண்டு சொன்னார். எல்லாம் முடிந்து எழும் நேரத்தில் தேவா கையைத் தூக்கினான்.

"ஒன்னு சொல்லணும்," என்றான். முகம் வெளிறியிருந்தது. "அந்தச் சின்ன ஒலி விபத்துக்கு மொத நாளே இருந்துச்சு."

யாருக்கும் புரியவில்லை.

அவன் விளக்கினான். எங்கள் வரைபடங்களில் லாரி, பூச்சி, ஜெனரேட்டர் என்று வேண்டாத ஒலிகள் எப்போதும் புகுந்துவிடும். பார்ப்பவர்கள் அது என்ன, இது என்ன என்று கேட்டுத் துளைப்பார்கள். அதனால் அவன் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தான். எங்கள் கணிப்பு எந்தெந்தச் சுருதியைச் சொல்கிறதோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் துடைத்துவிடும். கூட்டங்களில் எல்லோரும் மெச்சிய அந்த அழகான வரைபடங்கள் அப்படித்தான் வந்தன. விபத்துக்குப் பிறகு அவனுக்குச் சந்தேகம் வந்து, நிரலை நிறுத்திவிட்டு முந்தைய நாள் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறான். மூன்று சின்னச் சிகரங்களும் இருந்தன.

"அப்ப விபத்தன்னிக்கு அந்த ஒலி எப்டித் திரையில தெரிஞ்சிச்சு?" என்றார் குமரேசன்.

தேவா என்னைப் பார்த்தான். நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்குள் எனக்கே அது உறைத்தது. அந்த நிரலை எப்படி ஓடவிடுவது என்று எனக்குத் தெரியாது. எப்போதும் தேவாதான் ஓடவிடுவான். அன்று அவன் குளுவாங்கில் இருந்தான். அதனால் துடைக்கப்படாத திரை என் முன்னால் இருந்தது.

அவன் அம்மாவுக்கு மருத்துவமனையில் வேறு நாள் கொடுத்திருந்தால், அந்தத் திரை சுத்தமாக இருந்திருக்கும். நான் அச்சு அசல் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பேன். சன்னலுக்கு வெளியே அந்தப் பெண்மணி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

விரிசல் யாருடைய குற்றமும் இல்லை. இது எங்களுக்குள் இருந்தது. நாங்கள் சொன்னதை மட்டும் எங்களுக்கே திருப்பிச் சொல்லும் ஒரு திரையை வைத்துக்கொண்டு, கணிப்பு பொருந்துகிறது என்று மாதக்கணக்கில் மகிழ்ந்திருந்தோம்.

புவான் ரொஹானா தேவாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதை யாரும் உன்னிடம் கேட்கவில்லையே, ஏன் சொன்னாய்?

தேவா கதவருகில் இருந்த செல்வாவைப் பார்த்தான். அழுதுவிட்டான்.

எங்கள் எல்லோருடைய கண்ணும் குமரேசன் மேல் போனது. அவருடைய மச்சான்தான் அந்த வரிசையில் நின்றவன். அவருடைய கோபம் எங்களுக்குத் தெரியும். எழுந்தார். மேசையைச் சுற்றித் தேவாவிடம் வந்தார். தடுப்பதற்காக நான் பாதி எழுந்தேவிட்டேன்.

"மொத நாளே இதக் கொண்டாந்து காட்டியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் தெரியுமா?" என்றார். "ஜெனரேட்டர்னு சொல்லி உன்னைத் தொரத்தியிருப்பேன். நீ மறுபடி வந்திருப்ப. ஒரு சண்ட போட்டிருப்போம். அவ்ளோதான். ஒரு சண்டையில போயிருக்கும்."

அவன் தோளில் கையை வைத்தார்.

"இனிமே ஒனக்கு வெளங்காத சத்தம் எது வந்தாலும் தொடைக்காத. எடுத்துட்டு வந்து என்கிட்ட சண்ட போடு லா."

அந்த நிரல் அன்றே நீக்கப்பட்டது. எங்கள் வரைபடங்கள் அதன்பின் அசிங்கமாக இருந்தன. கூட்டங்களில் கேள்வி மேல் கேள்வி வந்தது. சிலவற்றுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னோம். திட்டம் நிற்கவில்லை. அந்தப் பெண்மணிதான் தொடரச் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மேடையைப் பழுது பார்த்து மறுபடி சோதனை தொடங்கிய சில நாட்களில், தேவா திரையில் எதையோ கண்டு வெளிறிப்போய், "நிப்பாட்டுங்கண்ணே!" என்று கத்தினான். குமரேசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. நிறுத்தினார். எல்லா பிளேடையும் கழற்றி, ஒவ்வொன்றாக விளக்கு வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. செல்வா தோட்டத்துக்குள் நடந்து போய்த் திரும்பி வந்தான். மரங்களுக்குப் பின்னால் ஒரு வங்காளதேசத் தொழிலாளி மிஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தாராம்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்றைய நாள் முழுவதும் வீண். தேவா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிளேடுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்த குமரேசன் நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார்:

"நல்லாக் கேக்குது ஒனக்கு. அந்த ஸ்பேனர எடு."